தனிமை மருந்தென நம்பிய சிறை

பிலடெல்பியாவின் ஃபேர்மவுண்ட் பகுதியில், கோட்டை போன்ற மதிலுக்குள் நிற்கிறது ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை. நடுமண்டபத்திலிருந்து வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களாக ஏழு கட்டுகள் விரியும்படி ஜான் ஹேவிலண்ட் இதை வரைந்தார். 1829இல் முதல் கைதி உள்ளே வந்தார். இதன் கதையைச் சொல்பவர்கள் அல் கபோன் அடைபட்டிருந்த அறையைத்தான் முதலில் காட்டுவார்கள். என்னை இழுப்பது வேறு. ஒருவனை மற்ற மனிதர்களிடமிருந்து அடியோடு பிரித்துவிட்டால் அவன் மனம் என்ன ஆகும் என்று அறிவியல் புனைவு பிற்காலத்தில் ஓயாமல் கேட்டது. அந்தக் கேள்வி முன்னதாகவே இங்கே கல்லால் கட்டப்பட்டுவிட்டது.

கட்டியவர்கள் கொடியவர்கள் இல்லை. அன்றைய சிறைகளின் நெரிசலையும் அழுக்கையும் கண்டு மனம் பொறுக்காமல் 1787இல் பிலடெல்பியாவில் ஒன்றுகூடிய சீர்திருத்தக்காரர்களின் கனவு இது. குற்றம் செய்தவன் தனித்திருந்தால் தன் பிழையை எண்ணி வருந்துவான், திருந்துவான் என்று மனதார நம்பினார்கள். ஆகவே ஆளுக்கொரு கொட்டடி, கூரையில் வெளிச்சம் இறங்க ஒரு திறப்பு, பின்புறம் ஆளுக்கொரு குறுகிய முற்றம். செருப்புத் தைப்பதும் நெய்வதும் அதற்குள்ளேயே. படிக்க பைபிள். வெளியே அழைத்துப் போனால் முகத்தை மூடும் துணி உறை. பெயர் போய் எண் வந்தது. யெவ்கெனி ஸம்யாதின் தம் ‘நாம்’ நாவலில் ஒரு தேசத்தையே எண்களாக்கிக் காட்ட இன்னும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இருந்தது.

1842இல் வந்து கைதிகளோடு பேசிப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பில் விழும் அடியைவிட மூளைக்குள் நடக்கும் இந்த வதை கொடியது என்று எழுதினார். தழும்பு இல்லாத காயம் யார் கண்ணிலும் படாது. ஏட்டளவிலேனும் இந்த முறை 1913வரை நீடித்தது. கட்டட வரைபடமோ கடல் கடந்து பல நாடுகளில் நகலானது.

1971இல் சிறை மூடப்பட்டது. 1994இல் பார்வையாளர்களுக்காகத் திறந்தது. 1995இல் வெளிவந்த டெர்ரி கில்லியமின் ‘டுவெல்வ் மங்கீஸ்’ படத்தின் மனநல மருத்துவமனைக் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். ப்ரூஸ் வில்லிஸ் நடித்த கோல், எதிர்காலத்தின் நிலத்தடிச் சிறையில் கிடக்கும் கைதி. கொள்ளைநோயின் மூலத்தைத் தேடக் கடந்த காலத்துக்கு அனுப்பப்பட்டவன், தவறி 1990இல் வந்து விழுகிறான். அவன் சொல்வதெல்லாம் உண்மை. கேட்பவர்கள் பைத்தியம் என்று அடைக்கிறார்கள். மருத்துவர் கேத்ரின் ரெய்லி அவனை நம்பத் தொடங்கும்வரை, ஆட்கள் நிறைந்த அந்தக் கூடத்திலும் கோல் தனிக்கொட்டடிக் கைதிதான்.