விலைபோன சவுண்ட் கார்டு

இணையத்தின் பழம்பொருள் சந்தைகளில் ஒரு விசித்திரமான விலைப்பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டரை யாரும் சீந்துவதில்லை. அதற்குள் செருகியிருக்கும் சவுண்ட் கார்டுக்கோ போட்டி போட்டு விலை கேட்கிறார்கள். நன்றாக ஒலிப்பதற்கு அதிக விலை, சுமாராக ஒலிப்பதற்குக் குறைந்த விலை என்ற கணக்கும் அங்கே செல்லாது. உலகமெல்லாம் விற்ற அட்டை மலிவாகக் கிடைக்கிறது. அன்று கடையில் விலைபோகாமல் தூங்கிய அட்டைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அசல் வேண்டாம், நகலே போதும் என்று தேடிப்பிடித்து வாங்குகிறவர்களும் உண்டு. இந்தத் தலைகீழ்க் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், கம்ப்யூட்டர் விளையாட்டு என்று ஒன்று கடைக்கு வருவதற்கே முந்தைய காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1967. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் ஒலிகளை உருவாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின்காரர் விரலை அசைத்துச் சுரத்தை நடுங்க வைப்பாரே, அந்த நடுக்கத்தைக் கணினியில் செய்வதுதான் சோதனை. மனித விரலுக்கு எட்டாத வேகத்துக்கு அதைக் கொண்டுபோனார் சௌனிங். ஒரு கட்டத்தில் நடுக்கம் காதில் விழுவது நின்று, ஒலியின் நிறமே மாறியது. மணியோசை வந்தது, பித்தளைக் கருவியின் ஓசை வந்தது. இரண்டே இரண்டு எளிய அலைகளை வைத்து இத்தனையும் வந்துவிட்டது. எஃப்.எம். சிந்தசிஸ் என்று பிற்பாடு பெயர் பெற்ற முறை இதுதான்.

இதை விற்பதற்காக ஹாமண்ட் உள்ளிட்ட அமெரிக்க ஆர்கன் நிறுவனங்களின் கதவைத் தட்டியது ஸ்டான்போர்ட். அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஜப்பானின் யமஹா சட்டென்று புரிந்துகொண்டு உரிமத்தை வாங்கியது. இதற்கிடையில் சௌனிங்கின் வேலையை நிரந்தரமாக்க மறுத்துவிட்ட பல்கலைக்கழகம், காப்புரிமையின் அருமை தெரிந்தபின் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது! 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டு உலகின் ஒலிப்பதிவுக் கூடங்களையெல்லாம் பிடித்தது. எண்பதுகளின் கோடம்பாக்கமும் அதற்கு விலக்கல்ல. அந்தக் காப்புரிமை ஸ்டான்போர்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. யமஹா அத்தோடு நிற்கவில்லை. அதே வித்தையைச் சுருக்கி மலிவான சில்லுகளாக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. நம் கதையின் திருப்பமே அந்தச் சில்லில்தான் இருக்கிறது.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வந்தபோது அதைக் கணக்கு எழுதும் இயந்திரமாகத்தான் பார்த்தார்கள். சத்தத்துக்கென்று அதில் இருந்தது ஒரு குட்டி ஸ்பீக்கர். தப்பு செய்தால் ‘பீப்’ என்று அதட்டும், அவ்வளவுதான். ஆனால் பெட்டிக்குள் காலிச் செருகுவாய்கள் இருந்தன. அவற்றின் மின்சுற்று விவரங்களை ஐபிஎம்மே அச்சிட்டு விற்றது. விஷயம் தெரிந்த எவரும் ஓர் அட்டை செய்து செருகிக்கொள்ளலாம். 1984இல் கடைக்கு வந்த பிசிஜூனியர் என்ற வீட்டு மாடலில் மட்டும் ஐபிஎம் மூன்று குரல் ஒலிச்சில்லு ஒன்றை வைத்தது. மாடல் படுத்துவிட்டது, அடுத்த வருடமே தயாரிப்பை நிறுத்தினார்கள். அதைப் பார்த்துச் செய்த டாண்டி 1000 சக்கைப்போடு போட்டது. ஐபிஎம்மின் ஒலிக்கு ‘டாண்டி சவுண்ட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நகல் அசலை விழுங்கியது இந்தக் கதையில் அதுவே முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

அடுத்து கனடாவின் கியூபெக் நகரம். லாவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்டின் பிரெவெல் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம், 1987இல் யமஹாவின் ஒய்எம்3812 சில்லைப் பதித்து ஓர் அட்டையை வெளியிட்டது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள். இசை படிப்பவர்களை மனதில் வைத்துச் செய்த பண்டம். வாங்கியவர்களோ விளையாட்டுப் பிரியர்கள். சியரா நிறுவனம் 1988இல் வெளியிட்ட ‘கிங்ஸ் குவெஸ்ட் 4’ விளையாட்டுக்குத் தொலைக்காட்சி இசையமைப்பாளர் ஒருவரைப் பிடித்து முறையாக இசை எழுத வைத்திருந்தார்கள். அதை உள்ளபடி கேட்க வேண்டுமானால் ரோலண்டின் எம்டி-32 என்ற கருவி வேண்டும். பட்டியல் விலை 695 டாலர். ஆட்லிப் ஏறத்தாழ 200 டாலர். எம்டி-32இன் ஒலி எங்கேயோ, ஆட்லிப்பின் ஒலி எங்கேயோ. ஆனாலும் குடும்பஸ்தர்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே சமயம் சிங்கப்பூர் சைனாடவுனில், பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடத்தில் கிரியேட்டிவ் என்ற பெயரில் ஒரு சிறிய கடை. அதை 1981இல் தொடங்கியவர் சிம் வோங் ஹூ. கூட்டாளி, பாலிடெக்னிக் நண்பர் இங் காய் வா. சிம்முக்கு ஹார்மோனிகாவும் அக்கார்டியனும் வாசிக்கத் தெரியும். பேசும், பாடும் கம்ப்யூட்டர்கள் செய்து விற்றுப் பார்த்தார், பெரிதாகப் போகவில்லை. 1987இல் பிலிப்ஸின் இரண்டு சில்லுகளை வைத்துப் பன்னிரண்டு குரல் அட்டை ஒன்று செய்தார். அமெரிக்காவில் ‘கேம் பிளாஸ்டர்’ என்று பெயர் மாற்றி ரேடியோ ஷாக் கடைகளில் வைத்தும் ஆட்லிப்பை அசைக்க முடியவில்லை. பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரிய எண்தான். ஆனால் விளையாட்டுகள் ஆட்லிப்பின் மொழியைத்தானே பேசிக்கொண்டிருந்தன?

தோற்றவர் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான காரியத்தைச் சிம் செய்தார். ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சில்லை வாங்கித் தன் அட்டையில் பதித்துக்கொண்டார். சில்லுதான் பொதுச்சந்தையில் கிடைக்கிறதே! கூடவே குரலைப் பதிந்து திருப்பிச் சொல்லும் வசதியையும், ஜாய்ஸ்டிக் செருகும் வாயையும் சேர்த்தார். அதுவரை ஜாய்ஸ்டிக்குக்கென்று தனி அட்டை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் காசும் மிச்சம், ஒரு செருகுவாயும் மிச்சம். என் கணிப்பில் அந்த ஜாய்ஸ்டிக் வாய்தான் பாதி வியாபாரத்தை முடித்துக் கொடுத்திருக்கும். 1989இல் வந்த இந்த அட்டைதான் சவுண்ட் பிளாஸ்டர். அதில் ‘டிஎஸ்பி’ இருப்பதாக விளம்பரம் செய்தார்கள். விவரம் அறிந்தவர்கள் உயர்ரக ‘டிஜிட்டல் சிக்னல் பிராசசர்’ என்று நினைத்துக்கொள்ள, உள்ளே இருந்தது சாதாரண இன்டெல் 8051 வகைக் கட்டுப்பாட்டுச் சில்லு. கேட்டால், நாங்கள் சொன்னது ‘டிஜிட்டல் சவுண்ட் பிராசசர்’ என்பார்கள்!

ஆட்லிப் பதிலடியாக ‘கோல்டு’ என்ற மேம்பட்ட அட்டையை அறிவித்தது. அது வந்து சேருவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1992இல் ஆட்லிப் திவால். அதே வருடம் சிம்மின் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது. ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இந்த ஆட்லிப் கோல்டைத்தான். கொஞ்சம்தான் விற்றது, ஆகவே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது.

பார்த்துச் செய்தவரைப் பார்த்துச் செய்ய இப்போது வரிசை நின்றது. ஒவ்வொரு விளையாட்டும் நிறுவும்போது முகவரி 220, குறுக்கீடு 5, டிஎம்ஏ 1 என்று சவுண்ட் பிளாஸ்டரின் எண்களையே கேட்டது. ‘சவுண்ட் பிளாஸ்டர் கம்பாட்டிபிள்’ என்ற சொற்கள் பெட்டியில் இல்லாவிட்டால் அட்டை நகராது. தைவான் தொழிற்சாலைகள் மூச்சுவிடாமல் அடித்துத் தள்ளின. சிங்கப்பூரிலேயே ஆஸ்டெக் என்ற நிறுவனம் போட்டிக்கு நின்றது. கிரியேட்டிவின் மென்பொருளை ஆஸ்டெக் பிரித்துப் பார்த்தது படிப்பதற்காகவா, திருடுவதற்காகவா என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் ஆஸ்டெக் பக்கமும், மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரியேட்டிவ் பக்கமும் தீர்ப்புச் சொல்லின. கலிபோர்னியாவின் மீடியா விஷன் நல்ல அட்டைகளைத்தான் செய்தது. பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கொண்டு 1994இல் திவாலானது. கனடாவின் கிராவிஸ், நிஜ வாத்தியங்களின் ஒலிப்பதிவைத் தன் நினைவகத்தில் ஏற்றி வாசிக்கும் ‘அல்ட்ராசவுண்ட்’ அட்டையை 1992இல் கொண்டுவந்தது. காதுக்கு விருந்து, ஆனால் சவுண்ட் பிளாஸ்டர்போல நடிக்கச் சொன்னால் திணறும். ஐரோப்பிய ‘டெமோ’ கலைஞர்கள் கொண்டாடினார்கள், கடைக்காரர்கள் கொண்டாடவில்லை.

இந்தச் சண்டைகளால் லாபம் வாங்குகிறவர்களுக்குத்தான். 200 டாலர் கேட்ட சங்கதி தொண்ணூறுகளின் கடைசியில் 20 டாலருக்கும் கீழே இறங்கியது. ஈஎஸ்எஸ் என்ற நிறுவனம் மொத்த அட்டையையும் ஒரே சில்லுக்குள் அடக்கியது. யமஹாவும் தன் பங்குக்கு ஒற்றைச் சில்லு ஒன்றைச் செய்து தைவானுக்கு அனுப்பியது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து, சிடி டிரைவும் இரண்டு ஸ்பீக்கருமாக ‘மல்டிமீடியா பிசி’ என்று வீட்டுக்கு வந்த பெட்டிகளில் இப்படிப்பட்ட பெயரில்லாத அட்டைகள் தாராளமாகப் புழங்கின.

பிறகு அட்டைக்கே வேலை இல்லாமல் போனது. இன்டெல் ஏசி’97 என்ற வரையறையை வெளியிட்டபின் ஒலி மதர்போர்டிலேயே வந்துவிட்டது. 2000ஐ ஒட்டிப் பழைய ஐஎஸ்ஏ செருகுவாயும் மறைந்தது. மிஞ்சிய போட்டியாளரான ஆரியல் நிறுவனம், கிரியேட்டிவ் தொடுத்த காப்புரிமை வழக்கில் வென்றும் வழக்குச் செலவிலேயே மூழ்கிப் போனது. அதன் சொத்துகளை 2000இல் வாங்கியது கிரியேட்டிவ்தான். கோடிக்கணக்கான அட்டைகள் குப்பைக்குப் போயின. செருகும் விளிம்பில் தங்க முலாம் இருந்ததால், சீனாவின் குயியூ போன்ற ஊர்களில் அமிலத்தில் கரைந்தவை ஏராளம்.

வரத்து நின்ற இடத்தில் தேவை முளைத்தது. டாஸ் காலத்து விளையாட்டுகள் இடையில் எந்த மென்பொருளையும் வைத்துக்கொள்ளாமல் நேரடியாக அட்டையோடு பேசுபவை. அந்த அட்டையை மென்பொருளிலேயே பாவனை செய்யும் எமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சிறுவயது விளையாட்டை அன்றைய கம்ப்யூட்டரிலேயே ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு ஐஎஸ்ஏ அட்டையே வேண்டும். அதைப் புதிதாகச் செய்யும் பெரிய நிறுவனம் எதுவுமில்லை. அசல் ஆட்லிப்பும் கிராவிஸும் சில நூறு டாலருக்கு ஏறின. மலைபோல் விற்ற பிற்கால மாடலான சவுண்ட் பிளாஸ்டர் 16 அந்த அளவுக்கு ஏறவில்லை. ஏறவும் வேண்டாம்: அதன் பல மாடல்களில் இரைச்சல் உண்டு, சிலவற்றில் வெளிக்கருவியை இணைத்தால் ஒரு சுரம் அப்படியே மாட்டிக்கொண்டு ஊளையிடும். அன்று மலிவு என்று இளக்காரமாகப் பார்த்த ஈஎஸ்எஸ், யமஹா அட்டைகள் ஒலியில் சுத்தமாகவும், நிறுவுவதில் சாதுவாகவும் இருப்பதை ரசிகர்கள் தாமதமாகக் கண்டுகொண்டார்கள்.

நகலெடுப்பவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய பலகைகளிலிருந்து பிடுங்கிய ஒய்எம்3812 சில்லுகள் சீனாவிலிருந்து பொட்டலமாக வருகின்றன. வேறு சில்லின் எழுத்தைச் சுரண்டிப் புதுப்பெயர் பொறித்த போலிகளும் கலந்திருக்கும். அவற்றை வைத்து ஆர்வலர்கள் ஆட்லிப்பையும் முதல் சவுண்ட் பிளாஸ்டரையும் மறுபடி செய்கிறார்கள். செருகுவாயே இல்லாத மடிக்கணினிக்காகப் பிரிண்டர் வாயில் மாட்டும் ஆட்லிப்பும் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது பிக்கோகஸ். 4 டாலருக்கு விற்ற ராஸ்பெரி பை பிக்கோவில் உள்ள சில்லை வைத்து, கிராவிஸ், ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், கேம் பிளாஸ்டர், டாண்டி என அத்தனை வேடங்களையும் ஒரே அட்டை மாற்றி மாற்றிப் போடுகிறது.

பழைய பெட்டி ஒன்றைத் தூசிதட்டி எழுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிராண்டுப் பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். சில்லின் மேல் உள்ள எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். ஈஎஸ்எஸ்ஸின் ஈஎஸ்1868 என்றோ, யமஹாவின் ஒய்எம்எஃப்719 என்றோ இருந்தால், கெபாசிட்டர்கள் உப்பாமல் கசியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, யோசிக்காமல் வாங்கலாம். ஆட்லிப் கோல்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.