குளிர்நீர்க் கசிவு (தானுந்து)

குளிர்நீர்க் கசிவு என்பது தானுந்துப் பொறியைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீர்மம், குழாய், ரேடியேட்டர், நீரேற்றி முதலிய உறுப்புகளில் உள்ள வெடிப்பு அல்லது தளர்வு வழியாக வெளியேறுவதைக் குறிக்கும். பழைய தானுந்துகளில் பரவலாகக் காணப்படும் பழுதுகளுள் இது ஒன்றாகும். சிறு கசிவையும் கவனிக்காமல் விட்டால் பொறி அளவுமீறிச் சூடேறி, சிலிண்டர் தலை வளைந்து, பெருஞ்செலவு ஏற்படக்கூடும்.

பின்னணி

குளிர்நீர் பொதுவாக நீரும் எத்திலீன் கிளைக்காலும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த கலவையாகும். இதில் துருத்தடுப்பு வேதிப்பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. நீர் உறையாத வெப்பநாடுகளில் வெறும் நீரை ஊற்றும் வழக்கம் உண்டு. இதனால் பொறியின் உட்புறம் துருப்பிடிப்பதோடு, உப்புநீராயின் ரேடியேட்டர் குழல்களில் படிவும் உண்டாகிறது. பல கசிவுகளுக்கு இதுவே தொடக்கமாக அமைகிறது.

இவ்வமைப்பு அழுத்தத்தில் இயங்குகிறது. ரேடியேட்டர் மூடி 1 பார் (சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 15 பவுண்டு) அழுத்தத்தைத் தாங்குமாயின், நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியசிலிருந்து ஏறத்தாழ 120 பாகையாக உயரும். எனவே கசிவினால் நீர்மம் மட்டுமன்றி அழுத்தமும் குறைந்து, எஞ்சிய நீர் விரைவில் கொதிக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

கசியும் இடங்கள்

* ரப்பர் குழாய்கள்: நாளடைவில் இறுகி வெடிக்கின்றன அல்லது எண்ணெய் பட்டு ஊதிவிடுகின்றன. குழாயின் முனையிலுள்ள இறுக்குவளையம் தளர்வதும் உண்டு.
* ரேடியேட்டர்: செம்பு, பித்தளையால் ஆன பழைய வகைகளில் பற்றவைப்பு விடும். அலுமினிய வகைகளில் நெகிழித் தொட்டி வெடிக்கும்.
* நீரேற்றி: அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் உள்ளடைப்பு தேய்ந்துள்ளது என்று பொருள். அத்துளையை அடைப்பது தீர்வாகாது.
* சூடேற்றி: வண்டியினுள் கால்விரிப்பு நனைதல், இனிய மணம், கண்ணாடியில் பிசுக்கான மூட்டம் ஆகியன அறிகுறிகள்.
* சிலிண்டர் தலை கேஸ்கெட்: வெளியே சொட்டின்றி நீர் குறைதல், தொடர்ந்து வெண்புகை வருதல், எண்ணெய் பால்நிறமாதல் ஆகியன அறிகுறிகள்.

கண்டறிதல்

பொறி ஆறியிருக்கும்போது, அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் இணைத்து, மூடியில் குறிக்கப்பட்ட அளவுவரை அழுத்தம் ஏற்றப்படுகிறது. முள் இறங்கினால் கசிவு உண்டு. சொட்டு விழும் இடமே கசியும் இடம் எனக் கொள்ள இயலாது. ஈரத்தடத்தை மேல்நோக்கித் தொடர வேண்டும். வெளியில் எங்கும் ஈரமில்லையெனில் கேஸ்கெட்டை ஐயுறலாம்.

வெப்பமானியை மட்டும் நம்புதல் தவறாகலாம். நீர்மட்டம் உணரிக்குக் கீழே இறங்கிவிட்டால், பொறி கடுஞ்சூட்டில் இருந்தும் முள் தாழ்வாகக் காட்டக்கூடும்.

சீர்செய்தல்

வெடித்த குழாயை மாற்றும்போது அதே வயதுடைய பிற குழாய்களையும் மாற்றுவது நன்று. பித்தளை ரேடியேட்டரைத் துப்புரவு செய்து மீண்டும் பற்றவைக்கலாம். நெகிழித் தொட்டி வெடித்த வகைகள் பெரும்பாலும் முழுமையாக மாற்றப்படுகின்றன. கசிவடைக்கும் தூளும் நீர்மமும் தற்காலிக உதவியே. அவை நுண்குழல்களை அடைத்து, பொறியை மேலும் சூடேற்றக்கூடும். குறைந்த அழுத்தத்திற்கு வடிவமைக்கப்பட்ட பழைய வண்டியில் கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடியைப் பொருத்தினால் வேறு இடங்களில் புதிய கசிவு தோன்றலாம்.

மீண்டும் நிரப்புகையில் சூடேற்றியைத் திறந்துவைத்து, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கலவைக்குக் காய்ச்சி வடித்த நீர் ஏற்றது.

பாதுகாப்பு

* சூடான பொறியின் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தம் நீங்கியவுடன் நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச்செய்யும்.
* கடுஞ்சூடேறிய பொறியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும்.
* எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். சிறிதளவு உட்கொண்டாலும் சிறுநீரகம் செயலிழந்து இறப்பு நேரலாம். குழந்தைகளும் நாய், பூனைகளும் இதனைப் பருகும் வாய்ப்பு உண்டு. எனவே சிந்தியதை உடனே துடைத்து, வடித்ததை மூடிய கலத்தில் வைக்க வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டலாகாது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* ரேடியேட்டர்
* எத்திலீன் கிளைக்கால்