பாறைக்குள் ஒரு நகரம் – 6: பூட்டிய கோட்டை

சென்ற வாரம் நாட்டிங்ஹாம் நகருக்கடியில் தோல் பதனிட்டவர்களோடு இருந்தோம். அப்படிப்பட்ட நிலத்தடித் தொட்டிகள் பிரிட்டனில் வேறெங்கும் கிடைத்ததில்லை. இந்த வாரம் கோட்டைப் பாறைக்கு வந்துவிடுவோம். 1330, அக்டோபர் 19. இரவு நேரம்.

முதலில் அந்தப் பாறையைத் தொட்டுப் பார்த்துவிடலாம். மஞ்சளும் பழுப்பும் கலந்த மணற்பாறை. விரலால் தேய்த்தாலே மணல் உதிரும்; குடைந்தாலோ கூரை இடியாமல் நிற்கும். கையில் ஒரு குந்தாலியும் உடம்பில் வலுவும் இருந்தால் போதும், தன் வீட்டுக்கடியிலேயே ஓர் அறையைக் குடைந்துகொள்ளலாம். ஆல்ஃபிரெட் மன்னரின் வரலாற்றை 893-ல் எழுதிய ஆஸர் என்ற துறவியே நாட்டிங்ஹாமைக் குகைகளின் ஊராகத்தான் குறிப்பிடுகிறார். இதுவரை பதிவானவை 800-க்கும் மேல். அத்தனையும் மனிதர்கள் குடைந்தவை. உள்ளே கோடையிலும் பனிக்காலத்திலும் ஒரே குளிர்ச்சி. அதனால் பார்லியை முளைகட்டவும், பீர் பீப்பாய்களை அடுக்கவும், ஏழைகள் குடியிருக்கவும் குகைகள் பெருகிக்கொண்டே போயின. பெரும்பாலும் சாமானியர்கள் தங்கள் தேவைக்குத் தோண்டியவை. ஆகவே எந்த வழி எங்கே போய்ச் சேரும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ரோஜர் மார்ட்டிமர் உள்ளூர்க்காரர் அல்ல.

இரண்டாம் எட்வர்டைக் கவிழ்த்துவிட்டு அரசி இசபெல்லாவோடு சேர்ந்து நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் அவர். மகுடம் மகன் மூன்றாம் எட்வர்டின் தலையில். அதிகாரம் தாயின் துணைவர் கையில். முடிசூடியபோது எட்வர்டுக்கு 14 வயது, இப்போது 17. அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் அவனுடைய சித்தப்பா கென்ட் பிரபுவின் தலை வெட்டப்பட்டிருந்தது. அடுத்தது தன் தலையாக இருக்கலாம் என்று அந்த இளைஞன் அஞ்சியதில் வியப்பில்லை.

நாட்டிங்ஹாமில் பிரபுக்களின் அவை கூடியது. மார்ட்டிமருக்குச் சதியின் வாடை அடித்துவிட்டது. அரசனின் நெருங்கிய தோழர் வில்லியம் மோன்டகுவை அழைத்துக் குடைந்து குடைந்து விசாரித்தார், ஒன்றும் பெயரவில்லை. இரவானதும் கோட்டைக் கதவுகள் பூட்டப்பட்டன. சாவிகள் இசபெல்லாவிடம் போய்விடும் என்கிறார்கள் அக்கால வரலாற்றாசிரியர்கள்.

மதில் ஏற முடியாது; கதவை உடைக்க முடியாது. ஆனால் கோட்டையின் காவல் பொறுப்பில் இருந்த வில்லியம் ஈலண்டுக்கு அந்தப் பாறையின் உட்புறம் அத்துபடி. அடிவாரத்திலிருந்து கோட்டைக்குள் ஏறும் வழி ஒன்று உண்டு என்று அவர் மோன்டகுவிடம் சொன்னார். 'மார்ட்டிமர் பொந்து' என்று இன்று காட்டப்படும் சுரங்கம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். அன்று அவர்கள் ஏறியது இதிலா, பக்கத்தில் உள்ள வேறொன்றிலா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள்.

ஊரைவிட்டுப் போய்விட்டதாகப் போக்குக் காட்டிய மோன்டகு, இருபது சொச்சம் பேரோடு இருட்டில் திரும்பி வந்தார். ஈலண்ட் முன்னால் நடக்க, பாறைக்குள் ஏறினார்கள். மேல் முனையில் ஒரு கதவு. அதன் தாழ்ப்பாள் உட்பக்கம். அதை நீக்கி வைக்க வேண்டியது அரசன் தரப்பின் பொறுப்பு. நீக்கியிருந்தால் விடிவதற்குள் இங்கிலாந்தின் ஆட்சி மாறும். மறந்திருந்தாலோ, மார்ட்டிமரின் ஆட்கள் முந்திக்கொண்டிருந்தாலோ, அத்தனை பேரின் தலையும் உருளும்.

மோன்டகு கதவைத் தள்ளினார்…

(தொடரும்)