உப்பளத்து அம்மாவும் ராணுவக் கையெழுத்தும்

பதினேழரை வயசுப் பையன் ராணுவத்தில் சேர வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பதினெட்டு நிரம்பாதவனுக்கு அம்மாவோ அப்பாவோ சம்மதம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். சேரியில் வைக்கப்படும் அந்தக் கையெழுத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேசபக்தி என்று ஒருவர் மெச்சுவதும், ‘அரசின் துப்பாக்கிக்கு ஆள் கொடுக்கிறார்கள்’ என்று இன்னொருவர் திட்டுவதும் அந்த வரலாறு தெரியாத பேச்சு. இரண்டாவது பேச்சு நம் தோழர்களிடமிருந்தே வருவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அம்பேத்கரிலிருந்து தொடங்கலாம். தாத்தா மாலோஜி சிப்பாய். அப்பா ராம்ஜி சுபேதார், ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் பாபாசாகேப். ஊர்ப் பள்ளிக்கூடம் மகார் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், கம்பெனி ராணுவம் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. வெள்ளைக்காரனின் கருணை அல்ல அது. அவன் துப்பாக்கிக்குக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. அவன் தேவைக்குத் திறந்த கதவு வழியாக நம்மவர்கள் தங்கள் தேவைக்கு நுழைந்தார்கள்.

1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் சண்டையின் நினைவுத் தூணில் மகார் வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பேஷ்வா ஆட்சி தெருவில் நடக்கவிடாத சாதியின் பெயர்கள் கல்லில் ஏறின. 1927-ல் அம்பேத்கர் அங்கே போய் நின்றதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதே வெள்ளைக்காரன் 1890-களின் தொடக்கத்தில் மகார்களுக்கு ஆள்சேர்ப்பை மூடினான். ‘வீரச் சாதி’ என்று ஒரு கொள்கை கிளம்பியது. வடமேற்குக்காரன்தான் சண்டைக்கு லாயக்கு, தெற்கத்தியான் உதவமாட்டான் என்று முன்னாள் சென்னைப் படைத் தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் சொன்னார்கள். சென்னை ராணுவத்தில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி பிடித்தவர்கள். சென்னைப் படைகள் சுருங்கச் சுருங்க அவர்களுக்கு இருந்த இடமும் சுருங்கியது. பெரும்பாலும் ‘சாப்பர்ஸ்’ என்ற பொறியியல் படையில்தான் மிஞ்சினார்கள். பாலம் கட்டவும் பள்ளம் தோண்டவும் நம்ம ஆள் வேண்டும். வீரன் என்ற பட்டம் மட்டும் வேறொருவனுக்கு.

கோபால் பாபா வலங்கர் என்ற பழைய சிப்பாய் அன்றே இதை எதிர்த்து மனு எழுதினார். மனுவால் கதவு திறக்கவில்லை. யுத்தம் வந்தபோது திறந்தது. 1917-ல் மகார்களுக்கு ஒரு படைப்பிரிவு. யுத்தம் முடிந்ததும் கலைத்தார்கள். 1941-ல் அம்பேத்கர் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தார். அந்த வருசம் அக்டோபரில் மகார் ரெஜிமென்ட் உருவானது, இன்றும் இருக்கிறது. 1943-ல் சமார் ரெஜிமென்ட். 1946-ல் அதுவும் கலைப்பு. ஆள் வேண்டும்போது கூப்பிடு, வேலை முடிந்ததும் அனுப்பு. பண்ணையார் களத்துமேட்டில் செய்ததும் இதைத்தான்.

இனி நம்ம பக்கம் வருவோம். ராமநாதபுரம் மாவட்டம் செல்லூரில் 1924 அக்டோபர் 9 அன்று பிறந்தவர் இம்மானுவேல் சேகரன். அப்பா வேதநாயகம் வாத்தியார். மகன் 1945-ல் ராணுவத்துக்குப் போனார், ஹவில்தார் ஆனார், ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். திரும்பிய மனுசனுக்கு ஊர் மாறாமல் இருந்தது. டீக்கடையில் தனிக் குவளை அப்படியே இருந்தது. ஆனால் குனிந்து நிற்கும் பழக்கத்தை அவர் எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார். 1957 செப்டம்பர் 10 அன்று ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தன் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 32. 2010-ல் இந்திய அரசு அவர் படத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது. உயிரோடு இருந்தபோது சமமாக உட்காரவிடாத நாடு, செத்த பிறகு தபாலில் ஒட்டிக்கொள்கிறது.

ராணுவம் அவரைப் போராளியாக்கியது என்று நான் சொல்லவில்லை. ராணுவம் யாரையும் சாதி ஒழிக்க அனுப்புவதில்லை. ஊருக்கு வெளியே ஓர் உலகம் உண்டு, அங்கே தன் தோளுக்கும் பட்டை ஏறும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டவனை மறுபடி கைகட்ட வைக்க முடியாது. ஊர் பயந்தது அதற்குத்தான்.

தூத்துக்குடி உப்பளத்தில் இதைக் கேட்டுப் பார்த்தேன். இந்தக் கடலில் முத்து எடுத்த கதையைச் சரித்திரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. உப்பு நிற்கவில்லை. பாத்தியில் வெறுங்காலோடு உப்பு வாருகிற பெண்களைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒரு வரி இல்லை. மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. அதற்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் என்ற ஒன்று 2022-ல்தான் வந்தது. மகனுக்குக் கையெழுத்துப் போட்ட ஓர் அம்மா சொன்னது:

“செத்துப் போவான்னு சொல்லுதாவ தம்பி. இந்த உப்புல மட்டும் நாங்க செத்துப் போவலையா? எங் காலப் பாரு. காக்கி உடுப்பு வந்தா நாங்க ஓடி ஒளிஞ்ச சனம். எம்மவன் ஒரு உடுப்பு போட்டுட்டு இந்தத் தெருவுல நடந்து வரட்டும். அத நான் பாக்கணும். நாட்டுக்குன்னு நான் அனுப்பல, எம் பிள்ளைக்குன்னு அனுப்புதேன்.”

காக்கி வந்தால் ஓடிய கதை கற்பனை அல்ல. இதே மாவட்டத்துக் கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் நுழைந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்துச் சம்பாதித்து நிமிர்ந்த தேவேந்திரர் ஊர் அது. வீடுகளை உடைத்தார்கள். பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் போட்டுக் கொளுத்தினார்கள். நாம் ஊரை விட்டு வெளியேறும் காகிதம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டபொம்மன் படையில் உயிர்விட்ட சுந்தரலிங்கமும் இந்த மண்தான். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் வைத்தபோது, அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. வீரத்துக்கும் இங்கே சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

இப்போது கதவு வேறு மாதிரி மூடப்படுகிறது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் வேலை நாலு வருசம். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குச் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் ரூபாய், பென்ஷன் இல்லை. முன்பு பதினைந்து வருசம் இருந்தால் சாகும்வரை பென்ஷன், செத்த பின் மனைவிக்கும் உண்டு. மாசம் பிறந்தால் வருகிற அந்தப் பணம்தான் பண்ணையாரிடம் போய் நிற்காமல் காத்தது. நமக்கு ராணுவம் என்றால் பாதிக்கு மேல் பென்ஷன்தான். ராணுவ ஆள்சேர்ப்பில் இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் சாதிச் சான்றிதழ் மட்டும் கேட்பார்கள்.

ஆகவே தோழர்களே, அந்த அம்மாவிடம் போய் யுத்த எதிர்ப்புப் பாடம் நடத்தாதீர்கள். யுத்தம் வேண்டாம் என்பதில் அவளுக்கு மேல் யாருமில்லை. போவது அவள் பிள்ளை. கேள்வியை அரசிடம் கேளுங்கள். இருபத்திரண்டு வயசில் திருப்பி அனுப்பப்படுகிறவனுக்கு என்ன வேலை? 1892, 1921, 1946 என்று மூடிய கதவை நாலு வருசத்துக்கு ஒருமுறை மூட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தப் பையன் திரும்பி வரும்போது அவன் கையில் மறுபடியும் உப்பு வாரும் பலகையைக் கொடுக்கவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.