கருவில் தொடங்கும் நரம்பிணைப்பு: ஓர் ஆய்வு வரலாறு

மனித மூளையின் நரம்பணுக்கள் எப்போது, எங்ஙனம் ஒன்றோடொன்று இணையத் தொடங்குகின்றன என்னும் வினா மருத்துவத்துறைக்கு மட்டுமே உரியதெனத் தோன்றலாம். ஆயினும், அதற்கு விடை தேடிய வரலாறு ஆய்வுநெறி பற்றிய ஒரு பொதுப்பாடத்தையும் உள்ளடக்கியுள்ளது. முதிர்ந்த மூளையைக் கொண்டு தீர்க்க இயலாத ஒரு கருத்து மோதலில், கருநிலை மூளையே தெளிவைத் தந்தது. இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

1873-இல் இத்தாலிய அறிஞர் காமில்லோ கால்ஜி, வெள்ளி நைத்திரேற்றைக் கொண்டு நரம்பணுக்களைக் கருநிறத்தில் தெளிவாகக் காட்டும் முறையைக் கண்டறிந்தார். நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று கலந்த தொடர்வலையே என்பது அவர்தம் கொள்கை. இதற்கு மாறாக, மனிதக் கருக்களை ஆராய்ந்த வில்ஹெல்ம் ஹிஸ், ஒவ்வோர் இழையும் ஒரு தனி அணுவிலிருந்தே முளைத்து நீள்கிறது என 1880-களில் வாதிட்டார்.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால், கால்ஜியின் முறையையே கையாண்டு கால்ஜிக்கு எதிரான முடிவை எட்டினார். முதிர்ந்த மூளையில் இழைகள் அடர்ந்து பின்னிக் கிடப்பதால், அவர் கருக்களையும் இளங்குஞ்சுகளையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். 1890-இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில், வளரும் இழையின் நுனியில் அமைந்த ‘வளர்கூம்பை’ விவரித்தார். 1906-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் கால்ஜி தம் நோபல் உரையிலும் வலைக்கொள்கையைக் கைவிடவில்லை. மறு ஆண்டே அமெரிக்க ஆய்வாளர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீரில் வளர்த்து, இழை நீள்வதை நேரிற் கண்டு அறிவித்தார்.

1950-களில் மின்னணு நுண்ணோக்கி, இணைப்பிடத்தில் இரு நரம்பணுக்களுக்கிடையே நுண்ணிய இடைவெளி இருப்பதைப் புலப்படுத்தியது. அக்கருவியின் துணையால் மொலிவர், கொஸ்தோவிச், வான் டெர் லூஸ் ஆகிய மூவரும் மனிதக் கருக்குழந்தையின் பெருமூளைப் புறணியில் நரம்பிணைப்புகளைக் கண்டு 1973-இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் புறணியின் பெரும்பகுதியாக உருவெடுக்கும் தட்டில் அவை முதலில் தோன்றவில்லை. அத்தட்டின் மேலும் கீழும் அமைந்த அடுக்குகளிலேயே தோன்றின. பின்னர்க் கொஸ்தோவிச்சும் பாஸ்கோ ரக்கிச்சும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, கீழடுக்கின் சிறப்பை விரிவாக விளக்கியது. புலன்செய்திகளைக் கொணரும் தலாமஸ் இழைகள் அவ்வடுக்கில் பல வாரங்கள் காத்திருந்து, ஏறத்தாழ 24-ஆம் வாரத்திற்குப் பின்னரே புறணித் தட்டினுள் பெருமளவில் நுழைகின்றன. அவற்றுக்கு இடமளித்த அடுக்கோ பிறப்பிற்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

முதிர்ந்த மூளையை மட்டுமே ஆராய்ந்திருப்பின், இத்தற்காலிக அடுக்கின் பங்கு அறியப்படாமலே போயிருக்கும். அதனை அறிந்திருப்பது இன்று உயிர்காக்கும் பணிக்கும் இன்றியமையாதது. 24-ஆம் வாரத்தையொட்டிப் பிறக்கும் குறைமாதக் குழந்தையின் மூளையில், இந்த இடமாற்றம் கருப்பைக்கு வெளியே நிகழ வேண்டியுள்ளது. அக்குழந்தைகளின் பிற்கால வளர்ச்சிச் சிக்கல்களை ஆராய்வோர் இவ்வடுக்கில் கருத்தூன்றுவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய ஆய்வுக்குரிய மனித மாதிரிகள் அரியவை. எனவே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், இரண்டாம் மும்மாதத்தைச் சேர்ந்த கருமூளைகளின் 5,132 சீவல்களை எண்ணியப் படங்களாக்கி, ‘தரணி’ என்னும் பெயரில் 2024 டிசம்பரில் உலக ஆய்வாளர்களுக்குப் பொதுவில் வழங்கியமை குறிப்பிடத்தக்கது. ஹிஸ் தம் கண்ணாடித் தகடுகளில் தேடிய விடையை, இனி எந்நாட்டு மாணவரும் அப்படங்களில் தேடலாம்.