அழகர்கோவில் பக்கத்தில் ஒரு நடை சபாரி: அரிட்டாபட்டிக்கு கேமராவோடு போறீங்களா?

காட்டுயிர் போட்டோ சபாரி என்றாலே ஆப்பிரிக்க ஆறுகள்தான் நினைவுக்கு வரும். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் படகில் உட்கார்ந்தபடியே, தண்ணீர் குடிக்க வரும் யானைகளைப் படம் எடுக்கலாம். ஜாம்பியாவின் லுவாங்வா ஆற்றங்கரையில் கதையே வேற. அங்கே நார்மன் கார் பிரபலமாக்கியது நடை சபாரி. துப்பாக்கியோடு ஒரு காவலர் முன்னால் போக, பயணிகள் வரிசையாகப் பின்னால் நடப்பார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது வகை பக்கத்திலேயே இருக்கு. சிங்கம் கிடையாது, அதனால் துப்பாக்கியும் தேவையில்லை.

எங்கே இருக்கு?

அழகர்கோவிலுக்குக் கிழக்கே, மேலூர் பக்கம் இருக்கும் ஊர் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. இங்கேயும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலத்தை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்பது அரசுக் கணக்கு.

சரணாலயம் மாதிரி இங்கே ஜீப் சபாரி எல்லாம் இல்லை. நடந்துதான் பார்க்கணும். குன்றும் கண்மாயும் அத்துப்படியான ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கிட்டுப் போறது நல்லது.

எதைப் படம் எடுக்கலாம்?

முக்கியமானவை மூன்று வேட்டைப் பறவைகள்: லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், போனெல்லி கழுகு. பாறை இடுக்குகளில் கூடு கட்டக்கூடியவை இவை. விடிந்ததும் குன்றுக்குக் கீழே நின்று, 400 மி.மீ. அல்லது அதற்கு மேலான லென்ஸை மேலே திருப்பினால் போதும். பாறை மேல ஏற வேண்டாம்.

இது வெறும் நாகரிகம் சார்ந்த அறிவுரைன்னு நினைக்க வேண்டாம். குளிர்கால மாதங்களில் தொடங்குவது இவற்றின் கூடு கட்டும் காலம். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அது திரும்பி வரும்வரை முட்டை வெயிலில் சுடும் பாறையில் கிடக்கும். ஒரு நல்ல போட்டோவுக்கு அந்த வருஷத்துக் குஞ்சுகளே விலையாகிப் போகலாம். ட்ரோன் அதைவிட மோசம்.

எறும்புத்தின்னியும் தேவாங்கும்கூட இந்தப் பகுதியில் உண்டு. ரெண்டுமே இரவு நடமாடுபவை. தேவாங்கின் பெரிய கண்களுக்கு ஃபிளாஷ் வெளிச்சம் ஆகாது. எறும்புத்தின்னி செதிலுக்காகக் கடத்தப்படும் விலங்கு. தப்பித்தவறி கண்ணில் பட்டால், போட்டோவை இருப்பிடக் குறியோடு இன்ஸ்டாகிராமில் போடாதீங்க.

டங்ஸ்டன் பிரச்னை நடந்தது இங்கேதானே?

ஆமாம். 2024 நவம்பரில் ஏலம் போன நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்குள் இந்தப் பகுதியும் வந்தது. கிராம மக்கள் போராடினார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வெயில் ஏறினதும் பறவைகள் உயரத்துக்குப் போயிடும். அப்போது கழிஞ்சமலையின் தமிழிக் கல்வெட்டையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலையும் பார்க்கலாம். அழகர்மலைப் பக்கம் போறவங்க, கோயில் பாதையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வாங்கணும். மலையடிவாரத்தில் லென்ஸ் பையை மட்டும் பைக்கில் விட்டுட்டுப் போகாதீங்க. குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.