செங்கல்பட்டு ஆய்வும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையும்: பி.சி.ஜி. மருந்தின் இரு வரலாறுகள்

முன்னுரை

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இன்று மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்குகின்றது. 1968இல் இவ்வூர் ஒருங்கிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வாண்டில் அம்மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கப்பெற்ற பி.சி.ஜி. ஆய்வு, காசநோய்த் தடுப்பில் எதிர்பாராத முடிவைத் தந்தது. அதே பி.சி.ஜி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிறந்த மருந்தாயிற்று. இவ்விரு வரலாறுகளையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகின்றது.

செங்கல்பட்டு ஆய்வு

மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பலமுறை வளர்த்து வீரியம் குறைத்துக் கால்மெத், கெரின் ஆகிய பிரெஞ்சு அறிவியலாளர் உருவாக்கிய இத்தடுப்பூசி 1921இல் முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் இதனைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் சென்னைக் கிண்டியில் நிறுவப்பட்டது. பிரிட்டனில் நற்பயன் தந்த தடுப்பூசி அமெரிக்காவில் அவ்வாறு தரவில்லை. இம்முரண்பாட்டைத் தீர்க்க எழுந்ததே செங்கல்பட்டு ஆய்வு. ஏறத்தாழ 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதை 1979இல் வெளியான முடிவு காட்டியது. எனினும் குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் பிறந்த குழந்தைக்கு அதனை இடும் வழக்கம் தொடர்ந்தது.

சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி.

சிறுநீர்ப்பையின் உட்பரப்பில் தோன்றும் கட்டியை உள்நோக்கிக் கருவியால் கண்டறிந்து அகற்றினாலும், அது மீண்டும் முளைப்பதே மருத்துவருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. பி.சி.ஜி. எலிகளின் கட்டி வளர்ச்சியை எதிர்ப்பது 1959இல் அறியப்பட்டிருந்தது. 1976இல் கனடாவின் கிங்ஸ்டன் நகர மருத்துவர் அல்வாரோ மொராலெஸும் அவர்தம் குழுவினரும் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் குழாய்வழி இம்மருந்தை வாரம் ஒருமுறை ஆறு வாரங்கள் செலுத்திய பயனை வெளியிட்டனர். கட்டி மீண்டும் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் இதனை உறுதிசெய்ய, 1990இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு ஒப்புதல் வழங்கியது. தசைப்பகுதியை ஊடுருவாத, மீண்டும் தோன்றும் வாய்ப்பு மிகுந்த கட்டிகளுக்கே இது பொருந்தும். உட்சவ்வில் ஒட்டும் கிருமிகள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்ட, அவ்வாற்றல் புற்றணுக்களை அழிக்கின்றது. சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் வரக்கூடும். அரிதாகக் கிருமி உடலெங்கும் பரவுவதும் உண்டு.

முடிவுரை

தோலில் இடும் சிற்றளவு ஊசி, வருங்காலத் தொற்றைத் தடுக்க முயல்கின்றது; சிறுநீர்ப்பையில் நிரப்பும் பேரளவு மருந்து, அங்கேயே உள்ள புற்றணுக்களை எதிர்க்கின்றது. ஆகவே செங்கல்பட்டு முடிவு ஒரு வினாவுக்கான விடையேயன்றி, அம்மருந்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பன்று. கிண்டி ஆய்வகம் தடுப்பூசியோடு சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான பி.சி.ஜி.யையும் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பது இதற்குச் சான்றாகும். எதிர்பார்த்த பயன் கிட்டாத ஆய்வையும் மறைக்காது வெளியிட்டால்தான் ஒரு மருந்து எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெளிவாகும். அவ்வகையில், ஆய்வுக்குத் தம் உடலை ஒப்படைத்த செங்கல்பட்டு மாவட்டச் சிற்றூர் மக்களின் பங்கு மருத்துவ வரலாற்றில் போற்றத்தக்கது.